நம்பர் மாற்றும் படிவம்

பாப்பாவின் அப்பாவுக்கு,

நானும் பாப்பாவும் நலம். நீங்கள் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும். கடிதம் என்றதும் பதறாதீர்கள். பேங்க் படிவத்தில் உங்கள் கையெழுத்து வேண்டும், அதனால்தான் தபால்.

கிணற்று மோட்டார் புகைந்துவிட்டது. செம்புக்கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறவர் ஒரே நாளில் கட்டிவிட்டார். ஆனால் பணம் வந்தால்தான் மோட்டார் கடையை விட்டு நகரும் என்கிறார். கத்தரிக்காய் விற்ற பணம் நம் கணக்கில்தான் கிடக்கிறது. வியாபாரி இப்போதெல்லாம் கையில் காசு தருவதில்லையே. பாத்தி கட்டி, பறித்து, மூட்டை ஏற்றுவது நான். பணம் எடுக்கப் போனால் ரகசிய எண் வருவதோ உங்கள் போனுக்கு. வீட்டுக்காரர் நம்பரே இருக்கட்டும் என்று கணக்கு தொடங்கிய அன்று நீங்கள் சொன்னபோது நானும் மாடு மாதிரி தலையாட்டினேன்.

மூன்று நாள் பேங்கில் நின்றேன். முன்பு கீழே வேலை, எண் வந்ததும் கூப்பிட்டுச் சொல்லிவிடுவீர்கள். இப்போது நீங்கள் கட்டடச் சாரத்தின் மேல், போன் கீழே பெட்டியில். உங்களைக் குறை சொல்லவில்லை. சாயங்காலம் நீங்கள் எண்ணைச் சொல்லும்போது பேங்க் பூட்டியிருக்கிறது. அந்த எண்ணுக்கு ஆயுசே பத்து நிமிஷம்தான்.

அவசரத்துக்கு வைத்துக்கொள் என்று போன மாதம் உங்கள் போனில் கிடந்த பழைய ரகசிய எண்கள் நாலைந்தை எழுதிக்கொள்ளச் சொன்னீர்களே, அந்தத் தாளையும் நீட்டிப் பார்த்தேன். கவுண்டரில் இருக்கும் பெண், "அக்கா, இது நேத்து பஸ் டிக்கெட் மாதிரி, இன்னிக்குச் செல்லாது" என்று சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்துதான் அழுதேன்.

செடிகள் பூவெடுத்த நேரம். குடத்தில் சுமந்து ஊற்றி நாலு வரிசையைக் காப்பாற்றி வைத்திருக்கிறேன். மற்றதெல்லாம் பூ கொட்டிவிட்டது. இடுப்பு கழன்றுபோன மாதிரி இருக்கிறது. பாப்பாவும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஒரு குடம் தூக்குகிறாள், வேண்டாம் என்றால் கேட்பதில்லை.

உங்கள் நம்பரை எடுத்துவிட்டு என் நம்பரைச் சேர்க்கும் படிவத்தை இதோடு வைத்திருக்கிறேன். பென்சிலால் புள்ளி வைத்த இடத்தில் கையெழுத்துப் போடுங்கள். உங்கள் அண்ணனிடம் யோசனை கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம். கிடைத்த அன்றே அனுப்பினால் இந்த நாலு வரிசையாவது மிஞ்சும்.

ஒன்று மட்டும் மனதை அறுக்கிறது. இந்த ஒரு வருஷமாக நீங்கள் கூப்பிடுவதே அந்த எண்ணைச் சொல்லத்தான். ஆறு எண்ணையும் சொல்லிவிட்டு, "எழுதிக்கிட்டியா?" என்பீர்கள். "ம்" என்பேன். வைத்துவிடுவீர்கள். நம்பர் மாறிவிட்டால் உங்களுக்கு அந்த வேலையும் இருக்காது.

ஆனாலும் கூப்பிடுங்கள்.

இப்படிக்கு,
பாப்பாவின் அம்மா