மூன்று கோல் விழுந்த ஆட்டம்

பக்கத்து வீட்டில் காலையிலிருந்து ஆமணக்கெண்ணெய் காய்ச்சுகிறார்கள். சன்னல் வழியாக வந்த வாடை அறை முழுக்க நிறைந்துவிட்டது. என் மனைவி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கொல்லைப்புறம் போய்விட்டாள். நான் மட்டும் எழுந்திருக்க மனமில்லாமல் உட்கார்ந்திருக்கிறேன். பந்துக்கு நீ தேய்க்கிற எண்ணெய் இது. மழை நாளில் தோல் தண்ணீர் குடித்துக் கல்லாகக் கனத்துவிடும் என்று, ஆட்டத்துக்கு முந்தைய நாளே பந்தை மடியில் வைத்துக்கொண்டு தையல் தையலாகத் தேய்ப்பாய். மீந்ததை உன் பாதங்களில் பூசிக்கொள்வாய். பேசி எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. இன்று உன்னோடு பேசவேண்டும் போலிருக்கிறது.

மேச்சேரிப் பக்கத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவன் நீ. மேட்டூரில் அணை கட்டியபோது கூலி வேலைக்குப் போய், அங்கே வேலை முடிந்த பிறகு எஞ்சினியர்களும் மேஸ்திரிகளும் ஆடிய கால்பந்தாட்டத்தைப் பார்த்துப் பார்த்தே பழகிக்கொண்டாய். அணை வேலை தீர்ந்ததும் சேலத்து மில்லுக்கு வந்தாய். மில்லில் நம் இருவருக்கும் வேலை பேருக்குத்தான். காலையில் பஞ்சுக் கிடங்கில் தலையைக் காட்டிவிட்டு மைதானத்துக்குப் போய்விடுவோம். மில்லுக்காகப் பந்தாடுவதற்குத்தான் சம்பளம். ஆட்டம் போனால் வேலையும் போகும் என்பது யாரும் வாய்விட்டுச் சொல்லாத, ஆனால் எல்லோருக்கும் தெரிந்த ஏற்பாடு.

நான் கோல் காப்பவன். எனக்கு முன்னால் தடுத்தாடும் பேக்குகள் இரண்டு பேர். வலது பக்கம் ரங்கன், இடது பக்கம் நீ. யோசித்துப் பார்த்தால், உன் முகத்தைவிட உன் முதுகைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

ஜனங்களுக்கு ரங்கனைப் பிடிக்கும். எதிராளியின் காலுக்கடியிலிருந்து பந்தைப் பிடுங்கி வானத்துக்கு உதைப்பான். மைதானமே எழுந்து கத்தும். நான் பாய்ந்து விழுந்து பந்தைப் பிடித்தால் என்னைத் தோளில் தூக்கிக்கொள்வார்கள். உனக்குக் கைதட்டல் கிடைத்து நான் பார்த்ததில்லை. நீ அப்படி ஒன்றும் செய்ததாகவே தெரியாது. பந்தோடு ஓடி வருபவன் உன்னைப் பார்த்ததும் ஏனோ ஓரத்துக்குத் திரும்பிவிடுவான். இல்லையென்றால் யாருக்காவது தள்ளிவிட்டு நின்றுவிடுவான். இது என்ன வித்தை என்று ஒருநாள் கேட்டேன்.

"வித்தையெல்லாம் ஒண்ணுமில்லடா. ஓடற வெள்ளாட்டப் பின்னாலயே தொரத்துனா அது இன்னும் ஓடும். அது எங்க போகப் பாக்குதோ அங்க முன்னாடியே போயி நின்னுக்கோணும். அப்புறம் அதுவே திரும்பிக்கும்" என்றாய்.

ஒவ்வோர் ஆட்டம் முடிந்ததும் நீ என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "இன்னிக்கு உன் கைக்குப் பந்து ரொம்ப வந்துச்சா?" வந்தது என்றால் உன் முகம் சுருங்கிவிடும். நான் நன்றாகப் பிடித்தேன் என்று ஊரே பேசும் நாளில் நீ வாடிப்போயிருப்பாய். ஆரம்பத்தில் உனக்குப் பொறாமை என்றுகூட நினைத்தேன். நான் பாய்ந்து விழ வேண்டி வந்ததே உனக்கு ஒரு தோல்வி என்பது புரிய எனக்குக் கொஞ்ச காலம் பிடித்தது.

அந்த ஒரு வருடம் நமக்கு எதிராக ஒரு கோலும் விழவில்லை. ஆத்தூர், நாமக்கல், ஈரோடு என்று எங்கெங்கிருந்தோ வந்தார்கள். வெறுங்காலோடு வந்து வெறுங்கையோடு போனார்கள். மில் பின்வரிசையைக் கோட்டை என்று ஊர் பேசத் தொடங்கியது. முதலாளி நேரில் வந்து நம் மூவருக்கும் மாலை போட்டார். அந்தக் கோட்டையைப் பெங்களூருக்கு அழைத்துப் போய், அங்கே பட்டாளத்து அணியோடு மோதவிடுவது என்று அன்றைக்கே முடிவாயிற்று.

மாலையைக் கழற்றாமலே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். ரங்கன் சிரித்துக்கொண்டே இருந்தான். நீ மட்டும் மாலையிலிருந்து ஒவ்வொரு பூவாகப் பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்தாய்.

"என்னப்பா மூஞ்சிய இப்புடி வெச்சிருக்கற?" என்றான் ரங்கன்.

"நம்மளக் கோட்டைங்கறாங்க. எவன் வந்து முட்டிப் பாத்தான் இது கோட்டையா குட்டிச்சுவரான்னு? வந்தவனுக்கெல்லாம் பந்த எந்தப் பக்கம் ஒதைக்கறதுன்னே தெரியல. தண்ணி வராத ஏரிக்குக் கரை நல்லாருக்குதுன்னு சொல்ற மாதிரி இருக்குது."

ரங்கனுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஒரு கோலுகூட உடலயே, அதுக்கு மேல என்னடா வேணும் உனக்கு?"

"நல்லாருக்கறோமா இல்லையான்னு தெரியோணும். அவ்வளவுதான்."

எனக்கும் உன்மேல் எரிச்சல்தான். மாலை விழுந்த கழுத்தோடு இருப்பவனிடம் பேசுகிற பேச்சா அது?

பெங்களூருக்கு ரயிலில் போனோம். காலையில் பிடித்த மழை விடவே இல்லை. பட்டாளத்துக்காரர்கள் பூட்ஸோடு இறங்கினார்கள். நாம் வெறுங்கால். முதல் முறை அவர்கள் பந்தோடு நம் பக்கம் வந்தபோதே நான் கோல் கோட்டுக்குப் பின்வாங்கிவிட்டேன். ஐந்து பேர் ஒரே மூச்சில் வந்தார்கள். யாரிடம் பந்து இருக்கிறது என்று கண் அறிவதற்குள் அது இன்னொருவனிடம் போய்விட்டது. ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் ரங்கன் சேற்றில் சறுக்கி விழுந்தான். முதல் கோல். அதற்குப் பிறகு ஒரு பூட்ஸ் அவன் கணுக்காலில் இறங்கியது. அவனைத் தூக்கிக்கொண்டு போனார்கள். மாற்றாளை இறக்கும் வழக்கமெல்லாம் அப்போது கிடையாது. ஆட்டத்தில் பாதிக்கும் மேல் மிச்சம் இருந்தது. பின்வரிசை என்றால் இனி நீ ஒருவன்தான்.

அன்று உன் முதுகைப் பார்த்ததுபோல் நான் எதையும் பார்த்ததில்லை. கால்விரல் நகம் பெயர்ந்து ரத்தம் சேற்றோடு வழிந்தது. நீ குனிந்துகூடப் பார்க்கவில்லை. இரண்டு பேர் ஒரே சமயத்தில் வந்தால் நடுவில் வருபவனை மறித்து நின்று, ஓரத்தில் வருபவனுக்கு வேண்டுமென்றே வழி விட்டாய். ஓரத்திலிருந்து அவன் அடித்தால் பந்து நேராக என் நெஞ்சுக்கு வந்தது. அடிக்கடி வந்தது. ஆனால் எல்லாம் தொலைவிலிருந்தும் கோணலிலிருந்தும் வந்த பந்துகள், எவனும் பிடிக்கக்கூடியவை. நேர் எதிரே வந்து என் கண்ணைப் பார்த்து அடிக்க ஒருவனையும் நீ விடவில்லை. கடைசியில் உன் கால்கள் நகர மறுத்த பிறகுதான் இன்னும் இரண்டு விழுந்தன. மூன்றுக்கு ஒன்றுமில்லை என்று தோற்றோம்.

கூடாரத்துக்குள் வந்து உட்கார்ந்தோம். நீ காலில் துணியைச் சுற்றிக்கொண்டே என்னைப் பார்த்துச் சிரித்தாய். அந்தச் சிரிப்பு எனக்குப் பயமாகக்கூட இருந்தது.

"டேய், மூணுதான்டா விழுந்துச்சு" என்றாய். "பத்து விழ வேண்டிய ஆட்டம். இத்தன நாளா உன் கைக்கு எவ்வளவு தடவ பந்து வந்துச்சுன்னு கேட்டனே, அது தப்பு. எங்கிருந்து வந்துச்சுன்னு கேட்டிருக்கோணும். இன்னிக்குத்தான்டா தெரிஞ்சுது. நாம நல்லாத்தான் ஆடறோம்."

ஒரு கோலும் விழாத வருடம் முழுக்க வாடியிருந்தவன், மூன்று விழுந்த அன்று மலர்ந்திருந்தாய். மூலையில் படுத்திருந்த ரங்கன் முகத்தைக் கூடாரத் துணிப்பக்கம் திருப்பிக்கொண்டான்.

அப்போதுதான் பட்டாளத்து அணியின் தலைவன் உள்ளே வந்தான். வெள்ளைக்காரன், கூடவே தமிழ் பேசும் சுபேதார் ஒருவர். வழக்கம்போல் என்னைப் பாராட்ட வருகிறார்கள் என்று நினைத்து எழுந்தேன். அவன் என்னைத் தாண்டிப் போய் உன் கையைப் பிடித்துக்கொண்டான்.

"எங்க துரைக்கு உன் ஆட்டம் ரொம்பப் பிடிச்சுப் போச்சு. இப்படி ஒருத்தன் எங்க பக்கம் வேணும்ங்கிறார். பட்டாளத்துல சேர்ந்துக்கறியா?" என்றார் சுபேதார்.

நீ கையெடுத்துக் கும்பிட்டாய். "மன்னிச்சுக்கோங்க. பொண்டாட்டி ஊர்ல இருக்கறா. எனக்கு மில்லே போதுமுங்க."

மில் போதும் என்றுதான் சொன்னாய். மில்லுக்குத்தான் நீ போதவில்லை. சேலத்துக்கு நாம் வந்து சேர்வதற்கு முன்பே 'மூணு கோல்' வந்து சேர்ந்திருந்தது. ரங்கன் அடிபட்டு வெளியே போனவன். அவனைக் குறை சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை. கடைசி வரை நின்றவன் நீதான். ஆகவே மூன்றும் உன் கணக்கில் விழுந்தன. உன்னை அணியிலிருந்து எடுத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டதும் நான் மானேஜரின் அறைக்கு ஓடினேன். அவர் கெட்டவர் இல்லை. நான் ஆட்டம் முழுவதையும் சொல்லி முடிக்கும்வரை குறுக்கிடாமல் கேட்டார்.

"நீ சொல்றது நிஜமாவே இருக்கட்டும்" என்றார். "நான் முதலாளிகிட்டப் போய் என்னன்னு சொல்றது? விழாத கோலை எல்லாம் எப்படிக் காட்டறது? மூணுன்னா யாருக்கும் புரியும். நீ சொல்றது அங்கே நின்னவனுக்குத்தான் புரியும்."

"நான் அங்க நின்னனுங்களே."

"நீ அவன் கூட்டாளி" என்றார்.

ஆட்டத்தோடு வேலையும் போயிற்று. மேச்சேரிக்குத் திரும்பினாய். அந்த வருடம் மழை பொய்த்து, மேய்ச்சல் காய்ந்து, ஆடுகளை ஒவ்வொன்றாக விற்றாய். பிறகு ஒருநாள் பட்டாளத்தில் சேரக் கிளம்பி, தகரப்பெட்டியோடு சேலம் ஸ்டேஷனில் நின்றாய். பக்கத்தில் உன் மனைவி பாவாயி, அழுது வீங்கிய கண்களோடு.

"பந்து ஒதைக்கத்தான் கூப்புடறாங்க. சண்டைக்கா கூப்புடறாங்க? ஏதோ போயிட்டு வாரேன்" என்று அவளிடம் சொன்னாய். அது பொய்யில்லை. அன்று எங்கும் சண்டை இல்லை.

ஒரே ஒரு முறை விடுப்பில் வந்தாய். காக்கி உடுப்பு, காலில் பூட்ஸ். நாம் இருவரும் மில் மைதானத்துக்குப் போனோம். வேலி ஓரத்தில் பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு, இடது பக்கத்தில் நீ நிற்கிற இடத்துக்கு வெறுங்காலோடு நடந்து போய், கொஞ்ச நேரம் அப்படியே நின்றாய். "இதப் போட்டா தரையே தெரிய மாட்டீங்குதுடா" என்றாய். பட்டாளத்தில் உன்னை எப்படி வைத்திருக்கிறார்கள் என்று கேட்டேன். நன்றாக வைத்திருப்பதாகவும், வெள்ளைக்காரர்கள்கூட உன் பேரைச் சொல்லிக் கூப்பிடுவதாகவும் கூச்சத்தோடு சொன்னாய். உனக்குக் கைதட்டுகிறார்களாம். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அன்று அதில் சந்தோஷப்படாமல் இருக்க எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

அதற்குப் பிறகு சண்டை வந்தது. உன்னைக் கப்பல் ஏற்றி மலேயாவுக்குக் கொண்டுபோனார்கள். ஜப்பான்காரன் அங்கே இறங்கினான் என்று கேள்விப்பட்டதோடு சரி. உன்னிடமிருந்து ஒரு சேதியும் இல்லை. பாவாயி தினமும் நெற்றியில் குங்குமத்தைப் பெரிதாக வைத்துக்கொண்டாள். அவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. சண்டை ஓய்ந்த பின், உன்னோடு சிறைப்பட்டிருந்த ஆத்தூர்க்காரர் ஒருவர் எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்து, விசாரித்துக்கொண்டு மேச்சேரிக்கே போய்ச் சொன்னார். காட்டு முகாமில், காய்ச்சலில், கஞ்சிகூட இறங்காமல் போனாயாம். உடன் இருந்தவர்கள் சேர்ந்து அடக்கம் செய்தார்களாம்.

துக்கத்துக்குப் போனேன். கூட்டம் கலைந்த பிறகு பாவாயி என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னாள்.

"அண்ணா, ஒண்ணு கேக்கறனுங்க. மறைக்காமச் சொல்லோணும். அவருக்குப் பந்தாட்டம் நெசமாவே வருமுங்களா? அவரு உட்ட மூணு கோல்லதான் மில்லுக்கே கெட்ட பேருன்னு ஊருக்குள்ள பேசறாங்க. நான் ஒரு நாளும் பாத்ததில்லீங்க."

இதற்காகவே இத்தனை வருடம் காத்திருந்தவனைப்போல நான் சொல்ல ஆரம்பித்தேன். மழை, சேறு, ரங்கன் விழுந்தது, நீ ஒருவனாக நின்றது, ஓரத்துக்கு ஓட்டியது, பெயர்ந்த நகம், பத்து விழ வேண்டியது மூன்றோடு நின்றது எல்லாவற்றையும் சொன்னேன். எதிர்த்து ஆடியவர்களே உன் கையைத் தேடி வந்து பிடித்ததைச் சொன்னேன். உன்னைச் சரியாக எடை போட்டவர்கள் அவர்கள் மட்டும்தான், அதனால்தான் உன்னைக் கேட்டார்கள் என்று சொல்லும்போது என் குரல் பெருமையில் உயர்ந்துவிட்டது. மேச்சேரி முழுவதும் கேட்கட்டும் என்றுகூட இருந்தது.

அவள் கடைசி வரை கண் இமைக்காமல் கேட்டாள். முகம் தெளியும் என்று எதிர்பார்த்தேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்:

"அப்புடீங்களா அண்ணா. அன்னிக்கு ஒரு நாளு கொஞ்சம் மோசமா ஆடியிருக்கக் கூடாதுங்களா? ஊட்டுலயே இருந்திருப்பாரே."

இப்போது மில் அணிக்கு ஆள் பொறுக்கும் பொறுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். எவ்வளவு கோல் விழுந்தது என்று நான் யாரையும் கேட்பதில்லை. பேக் எங்கே நிற்கிறான், எதிராளியை எந்தப் பக்கம் திருப்புகிறான் என்று மட்டும் பார்க்கிறேன். போன வாரம் நாமக்கல்லிலிருந்து ஒருவன் வந்திருந்தான். கைதட்டு வாங்காத ஆட்டம். ஆனால் அவனைத் தாண்டி நேர் எதிரே ஒருவனும் வரவில்லை. பாராட்ட எழுந்து அவன் கையைப் பிடித்தேன். பாராட்டுவதற்கு முன், ஊரில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன். கல்யாணமாகி ஆறு மாதம் என்றான்.

அவன் கையை விடுவதற்கு எனக்கு நெடுநேரம் ஆயிற்று.