மூன்றாம் மாடிச் சுவரில் உன் பெயர்

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம், அப்பாவின் முழங்கால் மட்டும் முனகுகிறது. உன் சௌக்கியத்துக்குக் குறைவிருக்காது, போனில் பேசிய பேச்சிலேயே தெம்பு தெரிந்தது. கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணை அழைத்து வருகிறாயாம், அவளுக்கு நம் பழைய காவல் கோபுரத்தைப் பார்க்க ஆசையாம், அதற்குள் மூன்றாம் மாடியில் நீ கிறுக்கியதை நான் சத்தமில்லாமல் அழித்துவிட வேண்டுமாம். அம்மா அங்கே சுவர் பழுதுபார்க்கிறாள் என்பது இப்போதுதான் ஐயாவுக்கு ஞாபகம் வந்தது.

அழிக்க அது என்ன கரும்பலகையா? ஆணியால் கீறியிருக்கிறாய், தேய்த்தால் உன் பெயரோடு கல்லும் போகும். கல்தூளைச் சுண்ணாம்பில் குழைத்து எழுத்தெழுத்தாக அடைக்க வேண்டும். சண்டைக்கு வந்த படைகூட வெளிச்சுவரோடு நின்றது, என் பிள்ளை உள்ளேயே போய் ஜெயித்துவிட்டான், பெருமைதான் போ! அம்பு தைத்த இதயம், ஒரு பக்கம் நீ, மறுபக்கம் பல் டாக்டர் மகள், கீழே 'என்றென்றும்' என்று வேறு. அவள் இரண்டு பிள்ளைகளோடு கடைத்தெருவில் என்னைப் பார்த்து, நல்லாருக்கீங்களா ஆன்ட்டி என்று விசாரித்துவிட்டுப் போகிறாள். உங்கள் என்றென்றும் ஒரு மழைக்காலம் தாங்கவில்லை, கல்தான் பாவம் இன்னும் சுமக்கிறது. உன் சித்தப்பாவோ, சின்னப் பசங்க, விடுங்க அண்ணி என்கிறார். தன் புதுக் காரில் யாரோ கோடு கிழித்ததற்குத் தெருவையே கூட்டியவர் அவர்.

எனக்கு ஏன் இவ்வளவு ஆத்திரம் என்று கேள். இத்தனை வருஷமாக ஒவ்வொரு பெயரை அடைக்கும்போதும், எந்தப் புண்ணியவதி பெத்த பிள்ளையோ என்று வாய் ஓயாமல் திட்டியவள் நான். கூட வேலை செய்கிறவர்களுக்கும் அது தொற்றிக்கொண்டது. நீ போன் பண்ணிய மறுநாள் டார்ச்சோடு மேலே போனேன். உன் கையெழுத்தேதான், அதே கோணல். கூட வேலை செய்கிறவள் ஒருத்தி எட்டிப் பார்த்து, எந்தப் புண்ணியவதி பெத்ததோ என்றாள். எனக்கு வெட்கமாக இருந்ததடா.

அதனால் நான் அதைத் தொடமாட்டேன். கட்டிக்கொள்ளப் போகிறவளைக் கூட்டிக்கொண்டு வா, படி ஏறும் முன்பே விஷயத்தை நீயே சொல்லிவிடு. சுண்ணாம்பை நான் குழைத்துத் தருகிறேன், பக்கத்தில் நின்று சொல்லித் தருகிறேன், அடைப்பது உன் கை. என் மருமகளுக்குக் கோபம் வந்தால் நான் அவள் பக்கம்.

குளிருக்குக் கழுத்தை மூடிக்கொள், நேரத்துக்குச் சாப்பிடு. இருவரும் நன்றாக இருங்கள். லீவு மட்டும் கொஞ்சம் கூடுதலாகக் கேட்டு வை, நான் வைத்த பெயர் நீளம்.

இப்படிக்கு,
அந்தப் புண்ணியவதி