அப்பா வாய்க்கு ஒரு மெட்டு

அன்புள்ள பாப்பாவுக்கு அம்மா எழுதுவது. நாங்கள் இரண்டு பேரும் இருக்க வேண்டிய அளவுக்கு நன்றாகவே இருக்கிறோம், நீயும் அந்தக் குளிரில் காதை மூடிக்கொண்டு, வேளைக்குச் சாப்பிட்டு, நன்றாக இருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன், அப்படி நினைக்காவிட்டால் எனக்குக் கை ஓடாது. இதைக் கண்ணாடிக் கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன். உட்கார்ந்து என்பது கூடப் பொய், ஆள் வரும்போதெல்லாம் எழுந்து போய் ஃபிரேமை வளைத்து மூக்கில் மாட்டிப் பார்த்துவிட்டு வந்து, விட்ட இடத்தைத் தேடுகிறேன், முன்னுக்குப் பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள். போனில் சொல்லலாமே என்பாய். வீட்டில் நான் போனை எடுத்தால் போதும், அப்பா டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொள்கிறார், அவரை எதிரில் வைத்துக்கொண்டே அவரைப் பற்றி எப்படிப் பேசுவது. பாலம் கட்டுகிற வேலையை விட்டுவிட்டு வந்துவிடட்டுமா என்று நீ கேட்டதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை என்று உனக்குக் கோபம் இருக்கும். அந்தப் பதிலுக்குத்தான் வருகிறேன், ஆனால் நடந்ததைச் சொல்லாமல் பதிலை மட்டும் எழுதினால் உனக்கு ஒன்றும் விளங்காது.

பக்கவாதம் வந்தபோது நீ வந்து பார்த்துவிட்டுப் போனாயே, அதற்குப் பிறகு அப்பாவின் கால் தேறிவிட்டது, கம்பை ஊன்றிக்கொண்டு தெருமுனை வரை போய் வருகிறார். வலது கைதான் இன்னும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. வாய் நீ பார்த்தபடியேதான் இருந்தது, எதைக் கேட்டாலும் ஆமா. தண்ணீர் வேண்டுமா என்றாலும் ஆமா, வேண்டாமா என்றாலும் ஆமா. உள்ளே எல்லாம் சரியாக இருக்கிறது, நாம் பேசுவது அத்தனையும் புரிகிறது, வார்த்தை வெளியே வருகிற வழிதான் அடைத்துக்கொண்டிருக்கிறது என்று பேச்சுப் பயிற்சி கொடுக்கிற அம்மா சொல்கிறார். மண்டியில் இவர் ஏலம் கூவினால் அடுத்த தெருவில் லாரிக்குள் தூங்குகிறவன் எழுந்து உட்காருவான், அந்த மனிதர் ஜன்னலைச் சாத்து என்று சொல்ல முடியாமல் ஜன்னலையே முறைத்துக்கொண்டு இருந்தால் எனக்கு எப்படி இருக்கும் சொல். நான் பாட்டுக்கு வீட்டைச் சுற்றிச் சுற்றி வருவேன், நாற்காலியை இங்கே போட்டு அங்கே போட்டு, அவர் கண் போகிற பக்கமெல்லாம் ஓடி இதுவா அதுவா என்று கேட்டு, எல்லாவற்றுக்கும் ஆமா வாங்கிக்கொண்டு திரும்புவேன்.

அந்தப் பேச்சுப் பயிற்சி அம்மாதான் ஒருநாள், "சில பேருக்குப் பேச வராத வார்த்தை பாடினா வரும்மா. எல்லாருக்கும் வரும்னு சொல்ல மாட்டேன். தினமும் வேணுங்கற வார்த்தைய சின்ன மெட்டுல போட்டு, அவர் இடது கையத் தட்டிக்கிட்டே பாடிப் பாருங்க" என்றார். என் குரல் உனக்குத் தெரியும், உன்னைத் தூங்க வைக்க நான் பாடினால் நீ முழித்துக்கொள்வாய். சுருதி எங்கே இருக்கிறது என்று காட்ட ஏதாவது வேண்டுமே என்று மேல்மாடியில் இருக்கிற விளம்பரக்காரரிடம் போனேன். சோப்புக்கும் பெயின்டுக்கும் பாட்டுப் போடுகிறாரே, அவர்தான். பழைய கீபோர்டு ஒன்றைத் தூசி தட்டிக் கொடுத்து, வாரம் இரண்டு நாள் மேலே வாங்க, சொல்லித் தருகிறேன் என்றார். உன் வயதுதான் இருக்கும், ஆனால் கண்டிப்பு உன் கணக்கு டீச்சரையும் தாண்டும். கடையில் லென்ஸுக்கு ஒட்டுகிற வட்ட ஸ்டிக்கரில் ச ரி க ம எழுதிக் கட்டைகளில் ஒட்டி வைத்தேன். என் சுண்டுவிரலுக்கு இத்தனை வருஷமாக ஒரு வேலையும் இருந்ததில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது, கூப்பிட்டால் வராது, கூப்பிடாதபோது போய் எதையாவது அழுத்தும். இடது கையைப் பற்றிக் கேட்காதே. முதல் நாள் வீட்டில் எதையோ தொட, மேளமும் கிடாரும் சேர்ந்து ஒரு ஊர்வலமே கிளம்பிவிட்டது, எப்படி நிறுத்துவது என்று தெரியாமல் நான் தலையணையை எடுத்து அதன் மேல் போட்டேன். அப்பா சிரித்தார் பாப்பா. ஒரு பக்க உதடுதான் ஏறியது, ஆனாலும் சிரிப்புதான்.

பாட்டு எழுதுவது வாசிப்பதைவிடப் பெரிய பாடு. தண்ணி வேணும் என்று இரண்டே வார்த்தை, அதற்கு மெட்டுப் போட ஒரு வாரம் தவித்தேன். பஸ்ஸில் முணுமுணுப்பேன், லென்ஸ் துடைக்கும்போது முணுமுணுப்பேன், முதலாளி உடம்புக்கு என்ன என்று கேட்டார். கடைசியில் அழகாக ஒன்று அமைந்துவிட்டது என்று மேலே போய் வாசித்துக் காட்டினால் விளம்பரக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். "தண்ணீஈஈன்னு யாராவது கேப்பாங்களா ஆன்ட்டி? பேசும்போது எங்க இழுக்கறீங்களோ அங்கதான் மெட்டும் இழுக்கணும். குறிலப் புடிச்சுத் தொங்காதீங்க" என்றார். பிறகு ஜன்னலுக்கு ஒன்று, வலிக்கு ஒன்று, வெளியே போகணும் என்பதற்கு ஒன்று என்று போட்டேன். ஒவ்வொன்றாக அப்பாவின் கையைத் தட்டித் தட்டிப் பாடினேன். அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார், உதடு அசையும், நெற்றி வேர்க்கும், வருவது என்னவோ ஆமாதான். ஒருநாள் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துவிட்டார். எனக்கு ஆத்திரமான ஆத்திரம், கீபோர்டைத் தூக்கிக்கொண்டு போய், இந்தாருங்கள் உங்கள் சாமான், எங்களுக்கு இது சரிப்படாது என்று மேலே வைத்துவிட்டு வந்தேன்.

விளம்பரக்காரரே அதைக் கீழே கொண்டுவந்து கொடுத்தார். "உங்க மெட்டு நல்லாத்தான் இருக்கு, ஆனா அது அங்கிளுக்குப் புதுசு. அவர் வாயில ஏற்கெனவே ஊறிப்போன மெட்டு ஏதாவது இருக்கா?" என்று கேட்டார். அவர் எங்கே பாடினார், குளிக்கும்போது கூட முனகாத ஆள் என்று சொல்ல வாயெடுத்தவள் அப்படியே நின்றுவிட்டேன். ஒரு தரம், இரண்டு தரம் என்று வாழ்நாளெல்லாம் கூவியிருக்கிறாரே, அது பாட்டு இல்லாமல் வேறென்ன. மேலே எடுத்து, கொஞ்சம் நிறுத்தி, கீழே இறக்குவார், உனக்கும் ஞாபகம் இருக்கும். உட்கார்ந்து கட்டைகளில் தேடினேன். மூன்றே கட்டைதான், ஆனால் மூன்றாவது அகப்படவே இல்லை. அப்பா சுவர்ப் பக்கம் இருந்து திரும்பினார். நான் தப்புக் கட்டையை அழுத்த அழுத்த அவர் முகம் கோணிக்கொண்டே வந்தது. கடைசியில் எழுந்து வந்து, இடது கையால் என் விரலைப் பிடித்துப் பக்கத்துக் கட்டைக்குத் தள்ளினார். அதுதான், அதேதான். நான் திரும்ப வாசித்தேன். அவர் தொண்டையில் ஏதோ உருண்டது, பிறகு முழுசாக, உடையாமல், ஒருதரம் என்று வந்தது. ரெண்டுதரம் என்றும் வந்தது. விளம்பரக்காரர் கதவருகில் நின்றபடியே ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டார். எனக்கு வாசிப்பதை நிறுத்தப் பயம், நிறுத்தினால் போய்விடுமோ என்று வாசித்துக்கொண்டே இருந்தேன்.

அன்றிலிருந்து நான் போட்ட அழகான மெட்டெல்லாம் குப்பைக்குப் போனது. எல்லாவற்றையும் ஏலத்தில் ஏற்றினேன். தண்ணி வேணும் ஏலத்தில், ஜன்னலச் சாத்து ஏலத்தில். சில நாள் இரண்டாவது தடவையிலேயே வந்துவிடும், சில நாள் முழுக்க ஒன்றும் வராது, ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை, காலையில் அவர் கண் திறந்ததும் இன்று வருமா என்று அவர் வாயையே பார்ப்பேன். ஒரு நாள் மேலே என் பாட்டுகளையெல்லாம் வரிசையாக வாசித்துக் காட்டினேன். விளம்பரக்காரர் கேட்டுவிட்டு, "எல்லாமே கேக்கற பாட்டா இருக்கே ஆன்ட்டி. ஒரு மனுஷன் வேணாம்னு சொல்ல வேண்டாமா?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. வேணாம் என்று ஒரு பாட்டுப் போட்டேன். மாத்திரை வேணாம், தலகாணி வேணாம் என்று எதை வேண்டுமானாலும் முன்னால் வைத்துக்கொள்ளலாம். நாலைந்து நாள் கையைத் தட்டிப் பாடினேன். அவர் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தார், வாயைத் திறக்கவே இல்லை.

அதற்குள் உன் மாமா வந்தான். என் தம்பியைப் பற்றி உனக்குத் தெரியும், பாசமும் அதிகம், சத்தமும் அதிகம். உன் பெண்ணை வரச் சொல், நீ ஒண்டியாக எத்தனை நாள் இழுப்பாய், பாலம் அவள் இல்லாவிட்டால் நின்றுவிடுமா என்று கூடத்தின் நடுவில் நின்று பேசினான். உண்மையைச் சொல்கிறேன், நான் மறுக்கவில்லை. சொல்லலாம் என்றுதான் இருக்கிறேன் என்றேன். அவன் அப்பாவிடம் திரும்பி, "என்ன மச்சான், பாப்பாவ வரச் சொல்லிடலாமா?" என்று கேட்டான். அப்பா ஆமா என்றார். "பாரு, அவரே சொல்லிட்டாரு" என்று இவன் போனை எடுக்கிறான். அப்பா மேஜை மேல் கையால் ஓங்கித் தட்டினார். மறுபடி ஆமா என்றுதான் வந்தது, அவர் முகம் சிவந்துபோனது. எனக்குச் சட்டென்று விளங்கியது, கீபோர்டு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது, ஆனால் நான் எழுந்திருக்கவில்லை. எழுந்தால் அவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும் பாப்பா, எனக்கு அது வேண்டியிருக்கவில்லை. அவர் என்னைப் பார்த்தார். பிறகு தானாகவே மேஜையைத் தட்டிக்கொண்டு, கட்டையும் இல்லாமல் நானும் இல்லாமல், ஏலத்தில் எடுத்தார். "பாப்பா... வர வேணாம். வேல... விட வேணாம்." மாமா போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். வேலை விட வேண்டாம் என்பதற்கு நான் பாட்டுப் போடவே இல்லை, அது அவரே கட்டியது. நான் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். சந்தோஷமா வருத்தமா என்று கேட்டால் இரண்டும்தான், கூடவே கோபமும் இருந்தது, மெட்டுக் கற்றுக்கொடுத்தவளுக்கே எதிராக அதைப் பாடிவிட்டாரே என்று.

இப்போது வீட்டில் வேணாம் ராஜ்ஜியம்தான். மாத்திரை வேணாம், குல்லா வேணாம், நேற்று மாமாவே வேணாம். ஆனால் முந்தாநாள் முழுக்க ஒன்றும் வரவில்லை, பழையபடி ஆமாதான், நான் டாக்டரிடம் ஓடினேன், இப்படி ஏறி இறங்கித்தான் போகும் என்கிறார். ஏறினால் சரி. நான் இன்னும் கொஞ்சம் நீளமான வரி கட்டப் பார்க்கிறேன், கேட்பதும் மறுப்பதும் மட்டும் போதாது, மண்டியில் நடந்த கதையெல்லாம் அவருக்குள் கிடக்கிறது, அதற்கு இந்த மூன்று கட்டை பத்தாது. சுண்டுவிரலைத் திட்டிக்கொண்டே பழகுகிறேன். அதோ ஒருவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தலையை ஆட்டிப் பார்க்கிறார், போக வேண்டும்.

அதனால் என் பதில் இது. வேலையை விடாதே. அவர் பாடிவிட்டார், நான் அதை மறைக்க மாட்டேன். எனக்கு நீ வந்தால் தேவலை என்று இருக்கிறது, அதையும் மறைக்கவில்லை. லீவு கிடைக்கிறபோது வந்து, இருக்க முடிந்த மட்டும் இரு, போகும்போது போ. நீ கட்டுகிற பாலமும் நீயும் உறுதியாக நிற்க வேண்டும், உடம்பும் மனசும் உனக்கு ஒத்துழைக்க வேண்டும் என்று இரண்டு பேரும் வாழ்த்துகிறோம்.

ஒன்று மட்டும் மறக்காதே. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது போனை அவரிடம் கொடுக்கப் போகிறேன். முதலில் மேஜை தட்டுகிற சத்தம் கேட்கும், பயப்படாதே. நடுவில் நின்றுவிடுவார். அந்த வார்த்தை என்ன என்று உனக்குத் தெரிந்துவிடும், நாக்கு நுனியில் வந்து நிற்கும், அதை நீ எடுத்துக் கொடுத்துவிடாதே. எத்தனை நேரமானாலும் சரி, அவர் சொல்லி முடிக்கட்டும்.

இப்படிக்கு,
உன்னைப் பார்க்க ஆசையாய் இருக்கும்
அம்மா