தாத்தா வில்லின் வயசு

நிகானி, மிச்சிகன்
1997 அக்டோபர் 5

என் தங்கம் கைசாவுக்கு அம்மா எழுதறது. அந்த அரிசோனா வெயில் உன்னைப் படுத்தாம இருக்கணும், உடம்பும் மனசும் நல்லா இருக்கணும்னு தினமும் வேண்டிக்கிறேன். இங்க எல்லாரும் சுகம். உங்க அப்பாவுக்கு நெஞ்சைத் திறந்து தைச்ச இடம் நல்லா ஆறிடுச்சு, வாய்தான் இன்னும் ஆறல, காபியில உப்பு இருக்கு, ரொட்டியில சக்கரை இல்லன்னு நாள் முழுக்க என்கூட மல்லுக்கட்டு. ஏரிக்காத்து இப்பவே எலும்பைத் தொடுது. போன மாசம் நீ கூப்பிட்டப்ப அம்மா குரல் சரியில்லையேன்னு கேட்ட, நான் ஜலதோஷம்னு சொல்லிச் சமாளிச்சேன். ஜலதோஷமும் இல்ல ஒண்ணும் இல்ல. பக்கத்துலயே அப்பா நின்னுக்கிட்டிருந்தாரு, எப்படிச் சொல்றது, அதான் இப்ப எழுதறேன்.

இந்த வருஷம் வில்வேட்டைக்குக் காட்டுக் குடிசைக்கு வரமாட்டேன்னு ஆகஸ்ட்லயே சொல்லிட்டாரு. ஏன்னு கேட்டா ஒன்னி பெரியப்பா மூஞ்சியில முழிக்க முடியாதாம். தாத்தா செத்ததிலேருந்து அண்ணன் தம்பிக்குள்ள பேச்சு இல்லைதான், ஆனா அதே குடிசையில இவரு இந்த ஜன்னல், அவரு அந்த ஜன்னல்னு முறைச்சுக்கிட்டே வருஷா வருஷம் போயிட்டுத்தானே இருந்தாங்க, இப்ப மட்டும் என்ன புதுசா முளைச்சுதுன்னு எனக்குப் புரியல. டாக்டர் தாராளமா போகலாம்னுட்டாரு. இவரு என்னடான்னா நாற்காலியை ஜன்னலோரம் போட்டுக்கிட்டு சும்மா உக்காந்திருந்தாரு. எனக்குக் கல்யாணம் ஆனதிலேருந்து அக்டோபர் வேட்டைக்குத் தயாராகாம இந்த மனுஷன் வீட்ல உக்காந்து நான் பார்த்ததே இல்ல. ஆளு உயிரோட இருக்கும்போதே தன்னை முடிச்சுக்கிட்டாரோன்னு பயந்துட்டேன் கைசா, ராத்திரி தூக்கமே இல்ல.

சண்டை எதுக்குன்னு உனக்குத் தெரியும், அந்தப் பாழாப்போன வில்லு. சவுனா நீராவிக் குளியல் அறைக்குப் பின்னாடி நின்ன மஞ்சள் பிர்ச் மரத்தை வெட்டி, வில்லு செய்றவர்கிட்ட குடுத்துத் தாத்தா செய்யச் சொன்னது, அதுலதான் அம்பத்தேழுல பெரிய கொம்பு மானை அடிச்சாரு, அறுபது பவுண்டு இழுவை, இந்த ஊர்ல வேற எவனாலயும் இழுக்க முடியாது, எல்லாம் நீ தொட்டில்லயே கேட்ட கதை. மானை இழுத்துட்டு வந்தது நானு, அதனால எனக்குன்னு உங்க அப்பா. மரத்தை வெட்டினதே நானு, அதனால எனக்குன்னு பெரியப்பா. தாத்தாவும் லேசுப்பட்ட ஆளில்ல, ரெண்டு பேர்கிட்டயும் தனித்தனியா உனக்குத்தாண்டான்னு சொல்லி வச்சிருக்காரு. வில்லு பெரியப்பா வீட்டுச் சுவத்துலயே தொங்கிச்சு, உடைஞ்சிடுமோன்னு பயந்து தாத்தாவுக்கு அப்புறம் யாரும் அதுல நாண் பூட்டினதே கிடையாது.

ஐலி பெரியம்மாவும் நானும் ஒரு நாளும் பேசாம இருந்ததில்ல, சர்ச் அடுக்களையில பாத்திரம் கழுவுற சாக்குல எல்லாத்தையும் பேசிக்குவோம். அங்க என் பயத்தைச் சொல்லி அழுதேன். அவ சோப்புக் கையோடவே, வெவரம் தெரிஞ்ச ஆள்கிட்ட காட்டி யாரு சொல்றது நிஜம்னு ஒரு முடிவு கட்டுவோம், இந்தக் கெழட்டுக் கெடாங்களோட என்னால ஆகலடின்னு சொன்னா. பெரியப்பா இல்லாத நேரமாப் பாத்து வில்லைப் போர்வையில சுத்திக் கைக்குழந்தை மாதிரி தூக்கிட்டு வந்தா. அன்னிக்குத்தான் அதை வெளிச்சத்துல கையில வாங்கிப் பார்க்கிறேன். கைப்பிடியில வார்னிஷ் தேஞ்ச இடத்துல எச்சில் விரலைத் தடவினேன், எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. மர மில்லுல மெல்லிசாச் சீவின மரத்தாளைத் தரம் பிரிச்ச கை இது, கண்ணை மூடிக்கிட்டே சொல்லுவேன், பிர்ச் மொழுமொழுன்னு இருக்கும், துளை கண்ணுக்கே தெரியாது. இதுல ஊசியால கீறின மாதிரி துளைத் துளையா ஓடுது, நடுநடுவுல செவப்பும் கருப்புமா வரி. ஏ ஐலி, இது நம்ம ஊரு மரமே இல்லடின்னேன். சவுனா புகையில கருத்திருக்கும்னா. கருத்தா நிறம் மாறும், துளை முளைக்குமாடின்னு கேட்டேன், வில்லை மறுபடி போர்வையில சுத்திக்கிட்டா.

நேரா டவுனுக்குப் போனோம். அங்க வில்லு, அம்பு கடை வச்சிருக்காரே ட்ரெத்வே, அவரு சின்ன வயசுல அந்த வில்லு செய்றவர்கிட்ட பசை ஒட்டுற வேலை பார்த்தவரு. கைப்பிடியில பதிச்ச முத்திரைக் காசைப் பார்த்தாரு, பழைய வில்லுக்கெல்லாம் செம்புக் காசு, இது பித்தளை, அறுபத்தெட்டுக்கு முன்னாடி இருக்கவே முடியாதுன்னாரு. மரம் ஆப்பிரிக்காவுலேருந்து வர்ற பபிங்காவாம், முதலாளி அதை வாங்க ஆரம்பிச்சதும் அப்பதானாம். அப்புறம் யாரோட வில்லுன்னு கேட்டாரு, தாத்தா பேரைச் சொன்னதும் மனுஷன் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறாரு. உங்க மாமனார் பழைய பிர்ச் வில்லை ஏடு ஏடா பிரிஞ்ச கோலத்துல கொண்டாந்தாரும்மா, எங்கய்யா வச்சிருந்தீங்கன்னு கேட்டா சவுனாவுல உடுப்பு மாத்துற அறையிலன்னாரு, பசை போட்ட பொருளை அடுப்புக்குப் பக்கத்துல மாட்டி வச்சுட்டு அதுக்கு மரியாதைன்னு நினைக்கிற சனம் உலகத்துலயே நீங்க ஃபின்லாந்துக்காரங்க மட்டும்தான்னாரு. அப்புறம் சிரிப்பை நிறுத்திட்டு, அதே நீளத்துல வேணும், ஆனா எனக்குத் தோள் போச்சு, லேசா இழுக்கற மாதிரி பண்ணுங்க, பசங்க காதுக்குப் போக வேணாம்னு கேட்டாரும்மான்னு மெதுவா சொன்னாரு. நாண் பூட்டித் தராசுல இழுத்துக் காட்டினாரு, முப்பத்தெட்டு பவுண்டுதான்.

போன மாசக் கடைசிச் சனிக்கிழமை சவுனாவை மூட்டி, ஏலக்காய் ரொட்டியும் காபியும் வச்சு, அடுப்புக் குழாய் அடைச்சிருக்குன்னு பொய் சொல்லி ஐலி பெரியப்பாவை இழுத்துட்டு வந்தா. அப்பா எந்திரிச்சு உள்ள போகப் பார்த்தாரு, நான் வாசல்ல குறுக்கே நின்னுக்கிட்டு எல்லாத்தையும் ஒரே மூச்சுல கொட்டிட்டேன். பெரியப்பா மேஜையை அடிச்சு, அடப்பாவி கெழவா, நகலுக்கா நாங்க இத்தனை வருஷம் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டோம்னு சிரிச்சாரு. அப்பா சிரிக்கல. பெத்த மனுஷன் தோள் போனதைச் சொல்லலியேன்னு வில்லைப் பார்த்துச் சொன்னாரு. வில்லை வாங்கி, காலுக்கு நடுவுல குடுத்து வளைச்சு நாண் பூட்டி, மெதுவா இழுத்தாரு. நாண் கன்னம் வரைக்கும் வந்துச்சு கைசா. விடாம அப்படியே பிடிச்சுட்டு மெதுவா இறக்கிட்டு உங்க அப்பா தேம்பித் தேம்பி அழறாரு. என் வில்லை இழுக்க முடியல, ஜூலையிலேருந்து கொட்டாய்ல ஒளிஞ்சு இழுத்துப் பார்க்கிறேன், பாதி கூட வரல, குடிசைக்குப் போனா ஒன்னி பார்த்துச் சிரிப்பான்னுதான் வரமாட்டேன்னேன்னாரு. இத்தனை நாளா பக்கத்துலயே படுத்திருக்கேன், எனக்குத் தெரியலியேன்னு நெஞ்சே வெடிச்சுப் போச்சு.

பெரியப்பா கொஞ்ச நேரம் மூக்கைச் சிந்திக்கிட்டிருந்தாரு. அப்புறம், இந்த வில்லையே எடுத்துட்டு வாடா நோஞ்சான், உன் அம்பு பட்டு மான் சாகாது, பார்த்துச் சிரிச்சே செத்துடும்னாரு. அப்பா கண்ணைத் துடைச்சுக்கிட்டே, நீ விடுற குறட்டைக்கு மானெல்லாம் விஸ்கான்சினுக்கே ஓடிடும், நீ பேசாதன்னாரு. தாத்தா செத்த பிறகு அண்ணன்கிட்ட அவரு பேசின முதல் வார்த்தை அதுதான்.

ஒண்ணாம் தேதி ஒரே வண்டியில போனாங்க. மானும் கிடைக்கல ஒண்ணும் கிடைக்கல, ரெண்டு பேரும் ஒரே ஜன்னல்ல உக்காந்து பேசிக்கிட்டே இருந்தா எப்படிக் கிடைக்கும்.

நீ நூறு வருஷம் நோய் நொடி இல்லாம இருக்கணும், கர்த்தர் உன் கூடவே இருப்பாரு. வெயில்ல தொப்பி இல்லாம அலையாத, கிறிஸ்துமஸுக்கு லீவு இப்பவே சொல்லி வை. அடுத்த ஞாயித்துக்கிழமை அப்பா உன்கிட்ட போன்ல, வில்லா அது, என்ன முரட்டு இழுவை, நானா இருக்கக் கொண்டு இழுத்தேன்னு பெருமையடிப்பாரு. அப்படியாப்பான்னு ஆச்சரியமாக் கேளு, என்ன.

உன்னையே நினைச்சிருக்கும் அம்மா
ஹெல்மி