நுரை நின்ற வாசல்

24 ஏப்ரல் 2025, வியாழன்

பன்னிரண்டு நாள் கழித்து நல்ல தண்ணீர் வந்தது. பின்னாலேயே மைக் கட்டிய ஆட்டோவும் வந்தது. அணையில் தண்ணீர் இல்லை, குடிநீரில் யாரும் வண்டி கழுவக் கூடாது, சோப்புத் தண்ணீரை மழைநீர் வடிகாலில் விடக் கூடாது, மீறினால் குழாய் இணைப்பைத் துண்டித்துவிடுவோம் என்று அறிவிப்பு.

பேக்கரியில் டீ குடிக்கும்போது, "இது எனக்குப் போன வாரமே தெரியுமுங்க. வார்டு ஆபீஸ்ல நம்மளக் கேக்காம எதும் பண்றதில்ல" என்று எடுத்துவிட்டேன். டீ மாஸ்டர் காளிச்சாமி ஆற்றிக்கொண்டே, "அப்பிடியே அடுத்த தண்ணி எப்பன்னும் கேட்டுச் சொல்லிப்போடுங்க மாமா" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

27 ஏப்ரல், ஞாயிறு. அமாவாசை

கார் கழுவினேன். வாங்கிய நாளிலிருந்து ஓர் அமாவாசை தவறியதில்லை. கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றினால்தான் எனக்குத் தூக்கம் வரும். போர்வெல் தண்ணீரில் கழுவலாம்தான். ஆனால் எங்கள் போர் உப்பு. காய்ந்ததும் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி விழும். கறுப்புக் கார். அம்மை போட்ட மாதிரி இருக்கும்.

அதனால் தொட்டியிலிருந்த நல்ல தண்ணீரிலேயே கழுவினேன். ஷாம்பு கொஞ்சம் தாராளம். நுரை கேட்டைத் தாண்டி, வடிகால் மூடியின் ஓட்டை வழியாக இறங்கிப் போனது. என் வீட்டுக்காரி ரங்கம்மாள் தெலுங்கில் திட்டினாள். (வீட்டில் தெலுங்கு. எனக்கு எழுத வருவது தமிழ் மட்டும், அதுவும் எட்டாவது வரைக்கும்.) "சாமி உங்க காரையா பாத்துக்கிட்டிருக்குது? குடிக்கற தண்ணிங்க அது" என்றாள்.

முடித்துப் பார்த்தால் கண்ணாடி! தெருவில் போன நாலு பேர் நின்று தலை சீவிக்கொண்டார்கள். சரி, ஒருத்தர். அவரும் சீவவில்லை, மீசையைத் தடவினார்.

28 ஏப்ரல், திங்கள்

இன்று நடந்ததை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். எழுதுகிறேன்.

வார்டு ஆபீஸிலிருந்து சசிதர் என்று ஒரு இளவயது அதிகாரி வந்திருந்தார். எங்கள் தெரு சரிவு. மூன்று வீடு கீழே பாத்திமுத்தக்கா வீடு. அங்கே வடிகால் அடைத்து, முழங்கால் அளவுக்கு — இல்லை, கணுக்கால் அளவுக்கு — நுரைத் தண்ணீர் வாசலில் நிற்கிறது. அக்கா பிரியாணி ஆர்டர் எடுத்துச் சமைக்கிறவர். யாரோ புகார் எழுதிப் போட்டிருக்கிறார்கள்.

சசிதர் மேலே ஏறி வந்து என் கேட்டருகே நின்றார்.

"கார் கழுவுனீங்களாங்க?"

"நானுங்களா? என்ற கார் ஈரத்துணிக்கு மேல ஒண்ணும் பாத்ததில்லீங்க."

அதோடு நிறுத்தியிருக்கலாம். இந்த வாய் எப்போது நின்றது? "அங்க பாருங்க, அந்த ஊட்டுல ஒரு நாளைக்கு இருவது அண்டா கழுவறாங்க. நுரை வராம என்னங்க பண்ணும்?" என்றேன். அவர் எழுதிக்கொண்டார். கதை கேட்கிற ஆள் கிடைத்தால் எனக்குத் தனிக் குஷி. அந்தக் குஷியில் சொன்னதுதான், வேறு வன்மம் ஒன்றும் இல்லை. வாரத்துக்கு இரண்டு அண்டாதான் அக்கா வீட்டில்.

29 ஏப்ரல், செவ்வாய்

வெட்டிவிட்டார்கள். அக்கா வீட்டு வாசலைத் தோண்டி, குழாயை அறுத்து, மூடி போட்டுத் திருகினார்கள். அக்கா கத்தவில்லை. "நாங்க சாம்பலும் புளியும் போட்டு அண்டா தொலக்கறவங்க சார். சோப்புத் தொட்டா அடுத்த சோறு நாறும். நுரை எங்கிருந்து வரும், சொல்லுங்க?" என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டார். சசிதர், "மேல் வீட்டுப் பெரியவரே சொன்னாருங்க" என்று சொல்லவில்லை. அந்த அளவுக்கு நல்லவர். எனக்கு அது இன்னும் மோசம்.

உள்ளே ஜன்னத் இருக்கிறாள், அக்கா மகள். பிரசவத்துக்கு வந்தவள். குழந்தைக்கு இருபது நாள்.

30 ஏப்ரல், புதன்

சோறு இறங்கவில்லை. வெயில் என்று சொன்னேன்.

2 மே, வெள்ளி

அக்கா இரண்டு குடங்களோடு அடுத்த தெரு அடிபம்பிலிருந்து ஏறி வந்தார். உப்புத் தண்ணீர். அதில்தான் குழந்தையைக் குளிப்பாட்டுகிறார்களாம், மேலெல்லாம் சொறி மாதிரி வந்திருக்கிறதாம். என்னைப் பார்த்ததும் குடத்தை இறக்கி வைத்தார்.

"அண்ணே, ஆபீஸ்ல எல்லாரையும் தெரியும்னு சொல்லுவீங்கள்ல. ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்களேன்."

அங்கேயே உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் வாய் பாட்டுக்குப் பேசியது. "இதெல்லாம் ஒரு வேலையாக்கா? ஒரு போனு. நாளைக்கே குழி தோண்ட ஆள் வந்துரும்."

என்ன ஜென்மம் நான்?

4 மே, ஞாயிறு

அக்கா எங்கள் வாசல் கேட் பக்கம் வருவது தெரிந்ததும் போனைக் காதில் வைத்து, "ஆமாங்க சார், நம்ம அக்கா ஊடுதானுங்க, சட்டுனு பாத்துச் செய்யுங்க" என்றேன். எதிரே யாரும் இல்லை. நம்பர் கூடப் போடவில்லை. அக்கா கை கூப்பிவிட்டுப் போனார். அந்த நேரம் பார்த்து நிஜமாகவே போன் மணி அடித்தது, காதிலேயே. அக்கா திரும்பவில்லை. ரங்கம்மாள் பார்த்துவிட்டாள்.

விளக்கு வைத்த பிறகு, "நீங்க போய்ச் சொல்றீங்களா, நான் போகட்டுமா?" என்றாள். சத்தமே இல்லாமல். முப்பத்தைந்து வருஷத்தில் அவள் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

5 மே, திங்கள்

போனேன். சசிதரிடம், "அது என்ற கார் நுரைங்க. அந்தம்மா மேல தப்பு இல்லீங்க" என்றேன்.

அவர் நம்பவில்லை! எழுந்து நின்று நாற்காலி போட்டார். "அக்கம்பக்கத்துக்காகப் பழியத் தூக்கித் தலையில போட்டுக்கிறீங்களே, உங்களை மாதிரி ஆளுக இப்ப எங்கீங்க இருக்காங்க" என்றார். பக்கத்து மேசையில் இருந்த அம்மணியும் எட்டிப் பார்த்துத் தலையாட்டினார்.

உள்ளதை எழுத வேண்டும் என்றால், அரை நிமிஷம் நன்றாக இருந்தது. முதுகு நிமிர்ந்தது. 'ஆமாங்க, நம்ம குணம் அப்படி' என்று நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அப்படிச் சொல்லியிருந்தால் அக்கா குழாய் வந்திருக்காது, எனக்கு நல்ல பேர் மட்டும் வந்திருக்கும்.

"இல்லீங்க. நான் அன்னைக்குப் பொய் சொன்னேனுங்க" என்றேன். எழுதிக் கொடுக்கச் சொன்னார். முதல் தாளில் மில்லில் முப்பது வருஷம் மேஸ்திரியாக இருந்த பெருமையெல்லாம் வந்துவிட்டது. கிழித்தேன். இரண்டாவது தாளில் வெயிலும் உப்புத் தண்ணீரும் வந்தன. அதையும் கிழித்தேன். மூன்றாவதில் நாலு வரி. 27ஆம் தேதி நல்ல தண்ணீரில் கார் கழுவினேன். நுரையை வடிகாலில் விட்டேன். கேட்டபோது அடுத்தவர் மேல் சொன்னேன். அழகிரிசாமி.

"நேர்ல வந்து பாத்துட்டுத்தான் முடிவு பண்ணுவோம்" என்றார்.

7 மே, புதன்

வந்தார்கள். உப்புத் தண்ணீர் அரை வாளியில் அதே ஷாம்புவைக் கலக்கி, என் வாசலிலேயே ஊற்றச் சொன்னார்கள். தெருவே கேட்டில் நின்றது. நூறு பேர் என்று போட்டால் பொய். பதினோரு பேர், எண்ணினேன். அவர்கள் முன்னால் ஊற்றினேன். என் கையால் ஊற்றிய நுரை மூடிக்குள் இறங்கியது. நாங்கள் எல்லோரும் அதன் கூடவே கீழே நடந்தோம், ஏதோ சப்பரத்துக்குப் பின்னால் போகிற மாதிரி. அக்கா வீட்டு வாசலில் போய் வெள்ளையாகப் பொங்கி நின்றது.

அக்கா கதவருகே நின்றிருந்தார். "நாந்தானுங்கக்கா. போன் பண்ணுனதும் பொய்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். உள்ளே குழந்தை அழுதது, போய்விட்டார்.

9 மே, வெள்ளி

காலையில் அக்கா குழாயைச் சேர்த்தார்கள். அதே ஆட்கள், அதே கடப்பாறை, மத்தியானம் என் வாசலுக்கு வந்தார்கள். மூன்று மாதத்துக்கு இணைப்பு கிடையாது.

12 மே, திங்கள்

தண்ணீர் விட்டார்கள். தெருவில் எல்லா வீட்டிலும் குழாய்ச் சத்தம், எங்கள் வீட்டைத் தவிர.

ரங்கம்மாளுக்கு முட்டி வலி. நானே இரண்டு குடங்களை எடுத்துக்கொண்டு கீழே போனேன். பாத்திமுத்தக்கா வாசல் குழாயில் பிடித்துக்கொண்டிருந்தார். குழந்தையைத் துணி போட்டு நிழலில் படுக்க வைத்திருந்தார்கள். கன்னத்தில் இன்னும் சிவப்பு.

குடத்தை நீட்டவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை, அப்படியே நின்றேன்.

"ரங்கம்மாவ வரச் சொல்லுங்க" என்றார் அக்கா, குழாயைப் பார்த்தபடி. "எத்தன கொடம் வேணும்னாலும் புடிச்சுக்கட்டும். நீங்க வராதீங்க."

"அவளுக்கு முட்டி வலிங்க" என்றேன்.

"மெதுவா வரட்டும். நான் எடுத்தாந்து மேல வெக்கறேன்."

சரிங்க என்றேன். காலிக் குடங்களோடு மேலே ஏறி வந்து, அவளை அனுப்பிவிட்டு, கேட்டுக்கு உள்ளேயே நின்றுகொண்டேன்.