கன்னத்தாங்கி

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். தாடை ஆபரேஷன் புண் ஆறிவிட்டதா? கஞ்சியாவது வலிக்காமல் இறங்குகிறதா? எதைக் கேட்டாலும் அப்பா போனில் "பரவாயில்லப்பா" என்று முடித்துவிடுகிறார்.

நேற்று எங்கள் துப்பாக்கிச் சாமான் கடைக்கு, போட்டிகளில் சுடும் ஒரு அக்கா வந்தார். உன்னைப் போலவே அவருக்கும் ஒரு பக்கத் தாடையை எடுத்திருக்கிறார்கள். துப்பாக்கிக் கட்டையில் கன்னத்தைச் சாய்த்தால் குழி விழுந்த இடம் பதியவில்லை. கண், குறிபார்க்கும் துளைக்கு நேராக வரவில்லை. "இனிமே சுட முடியாதுன்னு எல்லாரும் சொல்லிட்டாங்க" என்றார்.

கன்னம் பதிய கட்டையின் மேல் மாட்டுகிற கன்னத்தாங்கிகளில், உயரம் மட்டும் கூட்டுகிறது உதவவில்லை. பக்கவாட்டிலும் நகர்கிற ஒன்றை மாட்டி, கன்னத்தைத் தொடும்வரை மெல்ல மெல்லத் திருகினேன்.

"நிறுத்துங்க, துளை நேரா தெரியுது!" என்று கத்திவிட்டார்.

கிளம்பும்போது சொன்னார்: "ஆபரேஷனுக்கு அப்புறம் என் மூஞ்சிய நேரா பாத்துப் பேசினது நீங்கதான் தம்பி."



அம்மா, உன் பழைய தலையணை உறை ஒன்றை அனுப்பு. இங்கே வாங்கியது உறுத்துகிறது. ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் கூப்பிடுவேன். போனை அப்பாவிடம் கொடுத்துவிட்டு உள்ளே போய்விடாதே. துணியால் மூடிக்கொள்ளாதே. எனக்கு உன் முகத்தைப் பார்க்க வேண்டும்.

முதலாளி கூப்பிடுகிறார்.

உன் மகன்