முதல் உரிமையாளரின் கையெழுத்து

தம்பிக்கு,

நலம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை. "எட்டு வருஷம் வாரண்டி இருக்குக்கா, கண்ண மூடிட்டு ஓட்டு" என்று சொல்லி உன் பழைய மின்சாரக் காரை என் தலையில் கட்டினாயே, அது போன திங்கட்கிழமை மேம்பாலத்தின் நடுவில் நின்றுவிட்டது. நாற்பது சதவீதம் காட்டிய பேட்டரி அடுத்த நிமிடமே நான்கு என்றது. பின்னால் ஒரே ஹாரன். கண் மருத்துவரைப் பார்த்துவிட்டு என்னோடு திரும்பிக்கொண்டிருந்த அப்பா, இறங்கித் தள்ள ஆரம்பித்துவிட்டார். கண்ணில் சொட்டு மருந்தோடு!

சர்வீஸ் சென்டரில் மூன்று மணி நேரம் உட்கார வைத்தார்கள். "பேட்டரி மாத்திடலாம் மேடம். ஆனா வாரண்டி இன்னும் முதல் ஓனர் பேர்லதான் இருக்கு, அவர் கையெழுத்து வேணும்" என்றார் மேலாளர். பெயர் மாற்றிக் கொடுக்கக்கூட உனக்கு நேரமில்லை. அப்பாவோடு சண்டை போட்டுப் பெட்டியைத் தூக்கிய அவசரம்!

உன் பெயர் இருந்த படிவத்தை அப்பா கண்ணருகே பிடித்து வெகுநேரம் பார்த்தார். "இதுக்காவது வருவானா?" என்று மட்டும் கேட்டார்.

அவர் வெளியே போனதும் மேலாளர், "ஆன்லைன்லயே கையெழுத்து போட்டு அனுப்பலாம் மேடம்" என்றார். "வேண்டாம், அவன் நேர்லயே வருவான்" என்று சொல்லிவிட்டேன்.

தினமும் இரண்டு பஸ் மாறி வேலைக்குப் போகிறேன். சீக்கிரம் வந்து சேர்.

பொறுமை தீர்ந்துபோன,
உன் அக்கா